நூறு கட்டம் போட்ட தண்டல் அட்டை

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று பீடி சுத்துகிற ஊர்களில் பல வீடுகளில் ஒரு சின்ன அட்டை இருக்கும். அட்டையில் நூறு கட்டம். தண்டல்காரர் தினமும் சாயங்காலம் வந்து நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போவார். நூறு டிக் விழுந்தால் பத்தாயிரம் ரூபாய்க் கடன் அடைந்தது என்று அர்த்தம். ஆனால் கடன் வாங்கிய அன்று கையில் கிடைத்தது 8,500 ரூபாய்தான். மீதி 1,500 ரூபாயை வட்டி என்று அப்போதே பிடித்துக்கொள்வார்கள்.

முதன்முதலாகக் கணினி நிரல் எழுத வருகிற பிள்ளைகளுக்கு நான் இந்த அட்டையிலிருந்துதான் பாடம் தொடங்குகிறேன். பாளையங்கோட்டையில் சாயங்கால வகுப்பு ஆரம்பித்த முதல் வருடம் இப்படிச் செய்யவில்லை. நிகழ்தகவு, இயல்நிலைப் பரவல், நிகர இன்றைய மதிப்பு என்று சூத்திரங்களைப் பலகையில் எழுதிப்போட்டு, அவற்றைக் கணினியில் தட்டச் சொன்னேன். மூன்றாவது வாரம் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் பலகையைப் பார்த்துத் தட்டினார்கள், விடையும் வந்தது. அந்த விடை எதைச் சொல்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. தப்பு பிள்ளைகளிடம் இல்லை, நான் தொடங்கிய இடத்தில் இருந்தது.

இப்போது அட்டையைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். இது எத்தனை வட்டி?

"நூத்துக்குப் பதினஞ்சு சார்" என்று ஒரு குரல் வரும். "இல்ல சார், கையில வந்தது எட்டாயிரத்து ஐநூறுதான? அப்ப பதினேழரைக்கு மேல வரும்லா" என்று இன்னொரு பிள்ளை திருத்தும். ரெண்டாவது பிள்ளை ஒரு படி முன்னால் போயிருக்கிறது. ஆனால் ரெண்டு விடையும் சரியில்லை.

முதலில், வட்டி என்று சொன்னால் கூடவே காலமும் சொல்ல வேண்டும். நம் ஊரில் 'நூத்துக்கு ரெண்டு வட்டி' என்றால் மாதத்துக்கு ரெண்டு. வங்கியில் 12 விழுக்காடு என்றால் வருடத்துக்கு. ரெண்டு என்பது பன்னிரண்டைவிடச் சின்ன எண் என்பதால் குறைந்த வட்டி என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. மாதம் ரெண்டு என்பது வருடத்துக்கு 24. வட்டிக்கு வட்டி சேர்த்தால் 26.8.

அடுத்தது, பணம் எவ்வளவு நாள் நம் கையில் இருந்தது என்பது. 8,500 ரூபாயும் நூறு நாள் முழுக்க நம்மிடம் இருக்கவில்லை. முதல் நாளே நூறு போய்விட்டது. ஐம்பதாவது நாளில் ஏறத்தாழ பாதியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கடைசி வாரத்தில் நம்மிடம் இருப்பது சில நூறு ரூபாய். குறைந்துகொண்டே போகிற பாக்கிக்கு நாள்தோறும் வட்டி எவ்வளவு என்று பார்த்தால்தான் உண்மையான வீதம் கிடைக்கும். இதைப் பேனாவால் போட்டால் நூறு வரி எழுத வேண்டும். இங்கேதான் கணினி உள்ளே வருகிறது.

நாங்கள் பயன்படுத்துவது ஆர் என்கிற புள்ளியியல் நிரல்மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார்கள். அதற்கு முன்னோடி, 1976இல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழுவினர் தொடங்கிய எஸ் மொழி. ஆர் மொழியின் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பழைய கணினியிலும் ஓடும். பைத்தானிலும் இந்தப் பாடத்தை நடத்தலாம். எனக்கு ஆர் பிடித்ததற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு. அதில் வரிசை எண் ஒன்றிலிருந்து தொடங்கும், பைத்தானில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தண்டல் அட்டையில் முதல் கட்டம் ஒன்றுதான்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் பொருளைத் தமிழில் எழுதுகிறேன்:

பாக்கி ← 8500
வீதம் ← 0.001
நாள் 1 முதல் 100 வரை, ஒவ்வொரு நாளும்:
பாக்கி ← பாக்கி × (1 + வீதம்) − 100

அம்புக்குறி என்றால் 'வலப்பக்கம் இருப்பதை இடப்பக்கப் பெயரில் வை' என்று பொருள். கடைசி வரியில்தான் புதியவர்கள் நிற்பார்கள். பாக்கி எப்படிப் பாக்கியை விட வேறாக இருக்க முடியும்? கணிதத்தில் சமக்குறி என்றால் ரெண்டு பக்கமும் ஒன்று. இங்கே அது சமக்குறி இல்லை. நேற்றைய பாக்கியை எடு, இன்றைய வட்டியைச் சேர், கட்டிய நூறைக் கழி, வந்ததை இன்றைய பாக்கி என்று எழுது. நோட்டில் ஒரு வரிக்குக் கீழே அடுத்த வரி எழுதுவது போலத்தான். 'நாள் 1 முதல் 100 வரை' என்ற வரியை நிரல் எழுதுகிறவர்கள் லூப் என்பார்கள். பிள்ளைகளிடம் நான் சொல்வது, லூப் என்பது அந்த அட்டை, ஒரு சுற்று என்பது ஒரு டிக். அதற்குமேல் விளக்கம் கேட்டவர்கள் குறைவு.

இப்போது வீதத்தை ஊகிக்க வேண்டும். நாளொன்றுக்கு 0.1 விழுக்காடு என்று வைத்து ஓடவிட்டால் நூறாவது நாளில் பாக்கி −1,118 ரூபாய் என்று வருகிறது. அதாவது இந்த வீதத்தில் கடன் முன்னமே தீர்ந்திருக்க வேண்டும். நாம் கூடுதலாகக் கட்டியிருக்கிறோம். ஆகவே உண்மையான வீதம் இதைவிட அதிகம். 0.5 விழுக்காடு என்று வைத்தால் 1,063 ரூபாய் மிச்சம் நிற்கிறது. அது கூடிப்போயிற்று. சரியான வீதம் ரெண்டுக்கும் நடுவில். 0.3 வைத்தால் −173. 0.4 வைத்தால் +405. 0.35 வைத்தால் +106. 0.325 வைத்தால் −36. குறைந்தால் கூட்டு, கூடினால் குறை, ஒவ்வொரு முறையும் இடைவெளியைப் பாதியாக்கு. பத்து முறைக்குள் 0.331 என்ற இடத்துக்கு வந்து நிற்கலாம். இதையே யூனிரூட் என்ற ஒரே கட்டளையில் ஆர் செய்துவிடும். முதல் நாளில் அதை நான் சொல்லிக்கொடுப்பதில்லை. தராசில் எடைக்கல்லை வைத்தும் எடுத்தும் நிறுப்பது போலக் கையால் ஆறேழு முறை தேடிப் பார்த்த பிள்ளைக்குத்தான் அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று புரியும்.

நாளொன்றுக்கு 0.331 என்பதை 365ஆல் பெருக்கினால் வருடத்துக்கு ஏறத்தாழ 121 விழுக்காடு.

பதினைந்து என்று சொன்ன வகுப்பு அமைதியாகிவிடும். யாராவது ஒருவர், "கம்ப்யூட்டர் தப்பாப் போட்டிருக்குமோ சார்" என்பார். அப்போது ஒவ்வொரு நாளின் தொடக்கப் பாக்கியையும் ஒரு வரிசையில் சேர்த்து வைக்கச் சொல்வேன். இப்படி வரிசையாக நிற்கும் எண்களை ஆர் மொழியில் வெக்டர் என்பார்கள். அந்த மொழிக்கு ஒற்றை எண்ணும் வரிசைதான், அதில் ஒரே ஓர் ஆள் நிற்கிறார், அவ்வளவே. நூறு நாள் பாக்கியின் சராசரியைக் கேட்டால் ஏறத்தாழ 4,525 ரூபாய் வருகிறது. நூறு நாளில் சராசரியாக நம் கையில் இருந்த கடன் அவ்வளவுதான். அதற்கு 1,500 ரூபாய் வட்டி என்றால் நூறு நாளில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு வருடத்தில் இப்படி மூன்று நூறு நாளும், மேலே ஒரு அறுபத்தைந்து நாளும் உண்டு. இப்போது பேனாவாலேயே 121 வந்துவிடும்.

தண்டல் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 'பிளாட் 12 விழுக்காடு', அதாவது பாக்கி குறைந்தாலும் கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி என்று சொல்லி ஒரு லட்சம் கொடுத்து, ஒரு வருடத்துக்கு மாதம் 9,333 ரூபாய் வாங்கினால், அதே லூப்பை 12 சுற்று ஓட்டிப் பாருங்கள். உண்மை வீதம் ஏறத்தாழ 21.5 வரும். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்று கொடுக்க வேண்டும், அதில் எல்லாச் செலவையும் சேர்த்த வருடாந்திர வீதத்தைக் காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்கப் போகிறவர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தண்டல் அட்டைக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும், 2017 அக்டோபரில், கந்துவட்டித் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பம் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் தீக்குளித்ததை இந்த ஊர் மறக்கவில்லை. இந்தக் கணக்கை நான் வெறும் பயிற்சியாக நடத்துவதில்லை.

சரி, 121 விழுக்காடு என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? தெரிந்தும் வாங்குவார்கள். வருமானம் சமமாக வராத வீட்டுக்கு வேறு வழி தெரியாது. புள்ளியியல் என்று தனியாக ஒரு பாடம் இங்கேதான் தேவைப்படுகிறது.

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை போட்டவர்களுக்குத் தெரியும், அந்த விலை எப்படி ஏறும், எப்படி விழும் என்று. கற்பனையாக ரெண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அன்றன்றைக்குச் சந்தை விலைக்கு விற்கிறார். ஆறு வாரத்தில் கிலோவுக்கு அவருக்குக் கிடைத்தது 40, 45, 120, 150, 60, 35. இன்னொருவர் முன்கூட்டியே ஒரு வியாபாரியிடம் பேசி வைத்திருக்கிறார். அவருக்கு 70, 75, 80, 75, 72, 78. ரெண்டு வரிசையையும் ஆர் மொழியில் கொடுத்துச் சராசரி கேளுங்கள். ரெண்டு பேருக்கும் 75தான். சராசரியை மட்டும் பார்த்தால் ரெண்டு வீடும் ஒன்று.

திட்டவிலக்கம் கேளுங்கள். எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு அது ஓர் அளவு. முதலாமவருக்கு 48. ரெண்டாமவருக்கு நாலுக்கும் கீழே. பங்குச்சந்தைக்காரர்கள் 'ரிஸ்க்' என்று சொல்லும்போது பெரும்பாலும் அவர்கள் மனதில் இருப்பது இந்த எண்தான். 1952இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் முதலீட்டை லாபம், சிதறல் என்ற ரெண்டு அளவாலும் சேர்த்து எடைபோட வேண்டும் என்று எழுதினார். 1990இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தோட்டத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது அன்றாட விஷயம். நாற்பது ரூபாய் வாரத்திலும் பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டும். முப்பத்தைந்து ரூபாய் வாரத்திலும் மாதத் தவணை வரும். அந்த வாரத்தில்தான் அட்டை வீட்டுக்குள் வருகிறது. 48 என்ற எண்ணுக்கும் 121 என்ற எண்ணுக்கும் நடுவில் இருக்கிற உறவு இதுதான்.

இந்த இடத்தில் யாராவது ஒரு பையன் பங்குச்சந்தையைப் பற்றிக் கேட்டுவிடுவான். "ஷேர்ல போட்டா சராசரியா வருஷத்துக்கு இத்தனை பெர்சன்ட் வரும்னு வீடியோல சொல்லுதாவளே சார், அது நெசமா?" நல்ல கேள்வி. நான் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை. ஒரு நாணயத்தை எடுத்து மேசையில் வைப்பேன்.

விளையாட்டு இது. கையில் ஒரு லட்சம். வருடத்துக்கு ஒரு முறை நாணயத்தைச் சுண்டுகிறோம். தலை விழுந்தால் பணம் 30 விழுக்காடு கூடும். பூ விழுந்தால் 20 விழுக்காடு குறையும். ரெண்டுக்கும் சமவாய்ப்பு. சராசரி வருட லாபம் 5 விழுக்காடு. இருபது வருடம் ஆடலாம். இது எந்தப் பங்கின் கணக்கும் இல்லை, உண்மைச் சந்தை இந்த நாணயத்தைவிடச் சிக்கலானது. ஆனால் சராசரி எப்படி நம்மைத் தடுமாற வைக்கும் என்று காட்ட இது போதும்.

வருடம் 5 விழுக்காடு என்றால் இருபது வருடத்தில் ஒரு லட்சம் 2,65,330 ரூபாய் ஆக வேண்டும். வகுப்பு முழுக்க இதைத்தான் எதிர்பார்க்கும். நாணயத்தைக் கையால் இருபது முறை சுண்டி ஒருவர் கணக்குப் போட்டால் அது ஒருவருடைய வாழ்க்கை மட்டும். ஆர் மொழியில் சாம்பிள் என்று ஒரு கட்டளை இருக்கிறது. 1.3, 0.8 என்ற ரெண்டு சீட்டைக் குடத்தில் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி குடத்தில் போடச் சொன்னால், இருபது முறை எடுத்துக் கொடுக்கும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் சொல்லியிருக்கிற குடவோலை போலத்தான், எடுத்த ஓலையைத் திரும்பப் போடுகிறோம் என்பது மட்டும் வித்தியாசம். இருபதையும் பெருக்கினால் ஒருவருடைய கடைசித் தொகை. இதைப் பத்தாயிரம் முறை திரும்பச் செய் என்றால் பத்தாயிரம் பேருடைய இருபது வருடம் கண் இமைப்பதற்குள் திரையில் வந்துவிடும்.

வந்த பத்தாயிரம் தொகையையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்கிறவரைக் கூப்பிடுங்கள். அவரிடம் 1,48,024 ரூபாய்தான் இருக்கிறது. போட்ட ஒரு லட்சத்துக்கும் கீழே போனவர்கள் ஏறத்தாழ 4,100 பேர். அந்த 2,65,330 ரூபாயைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 2,500 பேர், நாலில் ஒருவர். 'சராசரி' என்று சொன்ன தொகை நாலில் மூன்று பேருக்குக் கிடைக்கவே இல்லை.

அப்படியானால் சராசரி பொய்யா? பொய் இல்லை. இருபதும் தலையாக விழுந்தவர் பத்து லட்சத்தில் ஒருவர், அவரிடம் ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் இருக்கும். பதினாறு, பதினேழு தலை விழுந்த சிலரிடம் இருபத்தேழு, நாற்பத்து நாலு லட்சம் இருக்கும். அந்தச் சிலர்தான் எல்லோருடைய சராசரியையும் தூக்கி நிறுத்துகிறார்கள். இன்னொரு காரணம் எளியது. நூறு ரூபாய் 30 விழுக்காடு ஏறினால் 130. அது 20 விழுக்காடு இறங்கினால் 104. ரெண்டு வருடத்தில் நாலு ரூபாய்தான். வருடத்துக்கு ரெண்டு விழுக்காடுகூட முழுசாக இல்லை. ஏற்றமும் இறக்கமும் கூடுவதில்லை, பெருகுகின்றன. சிதறல் அதிகமாக அதிகமாக, நடுவில் நிற்கிறவர் சராசரியிலிருந்து பின்னால் போய்க்கொண்டே இருப்பார். 30, −20 என்பதை 10, 0 என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். சராசரி அதே 5. நடுவில் நிற்கிறவர் இப்போது 2,59,374 ரூபாயோடு நிற்பார்.

இதைச் சூத்திரமாகவும் எழுதலாம். மடக்கை, ஈருறுப்புப் பரவல் என்று பலகை நிறையும். ஆனால் பத்தாயிரம் பேரை அடுக்கி நடு ஆளைத் தன் கையால் கூப்பிட்ட பிள்ளை, பிறகு அந்தச் சூத்திரத்தைப் பார்க்கும்போது அது எதைப் பற்றிப் பேசுகிறது என்று தெரிந்துகொண்டு பார்க்கிறது. புள்ளியியல் நிரல்மொழி வழியாக நிதியைச் சொல்லிக்கொடுப்பதில் நான் கண்ட பெரிய நன்மை இதுதான்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், புதிதாகக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு உதவும். முதல் முறை இதை நடத்தியபோது, ஒரு லட்சத்துக்கும் கீழே போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒருவருக்கு 4,087, இன்னொருவருக்கு 4,151 என்று வந்தது. தன்னுடையது தப்பு என்று நினைத்து ஒரு பெண்பிள்ளை எழுதியதையெல்லாம் அழித்துவிட்டது. தற்செயலைப் பற்றிய பாடத்தில் விடை ஒருவருக்கொருவர் மாறத்தான் செய்யும் என்று நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். செட் சீட் என்ற கட்டளையில் எல்லோரும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் ஒரே பதிப்பு ஆர் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரே விடை வரும். முதலில் அப்படி ஓட்டிச் சரிபார்த்துவிட்டு, பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு ஆளுக்கொரு விடை வாங்கச் சொல்கிறேன். அந்த விடைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதே அடுத்த வகுப்புக்குப் பாடம்.

கடைசியாக ஒன்று, விட்டுப்போன தகவல். ஆர் மொழியில் தெரியாத எண்ணுக்கு என்.ஏ. என்று தனிக் குறி உண்டு. பூஜ்யம் வேறு, என்.ஏ. வேறு. பூஜ்யம் என்றால் ஒன்றும் கட்டவில்லை என்று நமக்குத் தெரியும். என்.ஏ. என்றால் கட்டினோமா இல்லையா என்பதே தெரியாது. நூறில் ஒன்று என்.ஏ.வாக இருந்தாலும் சராசரி கேட்டால், தெரியாது என்றே ஆர் பதில் சொல்லும். தெரியாததை விட்டுவிட்டுக் கணக்குப் போடு என்று நாமாகச் சொன்னால்தான் போடும். தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு அந்த மொழியில் மிகவும் பிடித்த குணம் இது.

போன வருடம் ஒரு பிள்ளை வீட்டிலிருந்த அட்டையையே கொண்டுவந்து ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டிருந்தது. நடுவில் மூன்று கட்டத்தில் டிக் இல்லை. "சார், இதுக்குப் பூஜ்யம் போடவா, என்.ஏ. போடவா?" என்று கேட்டது. எனக்கெப்படித் தெரியும்? அம்மாவிடம் கேட்டுவிட்டு வா என்றேன்.

மறுநாள் வந்து சொன்னது: "ரெண்டு நாள் பீடி இலை வரல சார், கட்டல. மூணாவது நாள் அம்மா கட்டிட்டாவ. அவருதான் டிக் போடாமப் போயிட்டாரு."

பூஜ்யம், பூஜ்யம், நூறு என்று தட்டினோம். தண்டல்காரர் கணக்கில் அந்த வீட்டுப் பாக்கி முந்நூறு. எங்கள் திரையில் இருநூறு.